கதவு நிலைக்கு எந்த மரம்: தேக்கா, வேம்பா, மருந்து ஏற்றிய ரப்பரா?

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் எங்கள் கொல்லைக் கதவு சாத்த முடியாமல் போனது. கதவு ஊதியிருக்கும், இரண்டு தள்ளு இழைத்தால் சரியாகிவிடும் என்று ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கதவைத் தொடவே இல்லை. குனிந்து நிலைக்காலின் அடியில் திருப்புளியை வைத்து அழுத்தினார். பாதி இரும்பு உள்ளே போய்விட்டது. தேக்கு நிலை, வைத்துப் பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. இடுப்பு உயரத்தில் தட்டினால் இன்னும் கணீரென்று சத்தம் வந்தது. அடியில் ஒரு சாண் மட்டும் பழுப்பாகி, சின்னச் சின்னக் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியானது.

ஒரு துண்டைப் பெயர்த்துக் கையில் கொடுத்தார். "தம்பி, தேக்குன்னு நீங்க வாங்குனதுல ஒரு மூலை முழுக்க வெள்ளை. வைரம் நிக்குது பாருங்க, வெள்ளைதான் போயிருக்கு." உண்மைதான். வைரம் என்றால் மரத்தின் நடுவில் இறுகிய பகுதி, வெள்ளை என்றால் அதைச் சுற்றியிருக்கும் வெளிப்பகுதி. அழுகல் வெளிமூலையின் வெளிர்நிறப் பகுதியில் பிடித்து மேலேறியிருந்தது. ஒட்டினாற்போல் இருந்த வைரம் ஓரளவு தாக்குப்பிடித்திருந்தது.

புது நிலைக்கு எந்த மரம் என்ற கேள்வி அன்று தொடங்கியது. மூன்றைப் பார்த்தேன்: மறுபடியும் தேக்கு, சித்தப்பா தோப்பில் சாய்ந்து கிடந்த ஒரு பழைய வேம்பு, மருந்து ஏற்றிய ரப்பர் மரம். வேம்பைத்தான் எடுத்தேன். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன், அதனால் இந்த அலசலில் அதற்கே அதிக இடம் போகும்.

தேக்கின் பெருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் வைரத்தில் கரையானுக்கு ஆகாத டெக்டோகுயினோன் என்ற பொருள் இருக்கிறது, தண்ணீரைத் தள்ளும் ரப்பர் போன்ற பொருளும் இருக்கிறது. சுருக்கம் குறைவு என்பதால் கதவு கோணாது. ஆனால் இதெல்லாம் வைரத்துக்குத்தான். எந்த மரத்தின் வெள்ளைக்கும் இயற்கையான காப்பு கிடையாது, தேக்குக்கும் கிடையாது. இன்று மரவாடிக்கு வருவதில் பெரும்பகுதி தோட்டத்தில் வளர்த்து இளசிலேயே வெட்டிய தேக்கு. அதில் வெள்ளையின் பங்கு கூடுதல். வளர்ந்த இடமும் கணக்கில் வரும். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் ஈரமான வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த தேக்கையும் நிலம்பூர் தோட்டத் தேக்கையும் பூஞ்சைக்குக் கொடுத்துச் சோதித்தபோது, பழுப்பு அழுகலை எதிர்ப்பதில் வீட்டுத் தோட்டத் தேக்குதான் பின்தங்கியது. எங்கள் நிலையைத் தின்றதும் அதே வகை அழுகல்தான்.

ரப்பர் மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பால் வெட்டி முடித்து இருபத்தைந்து, முப்பது வயதில் வெட்டுகிற மரம். மாவுச்சத்து அதிகம், அறுத்த சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் வந்துவிடும், மருந்தில்லாமல் எதற்கும் உதவாது. ஆனால் மருந்தை நன்றாகக் குடிக்கும். என்ன மருந்து என்று கேட்பதுதான் முக்கியம். கட்டில், அலமாரிப் பலகைகளுக்குப் பொதுவாக ஏற்றுவது போரான் உப்பு. அது மரத்தோடு பிணைவதில்லை, மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும். உள்ளறைக்கு அருமையான மரம், கொல்லை நிலைக்கு ஆகாது. வெளியில் நிற்க வேண்டுமென்றால் செம்பும் குரோமியமும் கலந்து, மரத்துக்குள்ளேயே பிணைந்துகொள்ளும் மருந்து வேண்டும். அந்த வழியைத் திறந்தவர் நம் நாட்டுக்காரர் என்பது எனக்குப் பெருமை: டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சொந்தி காமேசம், 1933இல், செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு ஆர்சனிக்கின் மேல் பயம் வந்தது. அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது ஆர்சனிக்குக்குப் பதில் போரான் சேர்த்த கலவை கிடைக்கிறது. நான் விசாரித்த மரவாடிகளில் "மருந்து அடிச்சது" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. எந்த மருந்து, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியாமல் வாங்க மனம் வரவில்லை.

வேம்புக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் பழைய வீடுகளில் வேம்பு நிலைகள் ஏராளம். தேக்கைவிடக் கனம். வைரம் சிவந்த பழுப்பு, வெள்ளை சாம்பல் பூத்த நிறம், அதனால் வெட்டுவாயில், அதாவது மரத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில், இரண்டும் பளிச்சென்று பிரிந்து தெரியும். குறையும் உண்டு. இழை முறுக்கிக்கொண்டு ஓடும். இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் சிராய் பெயர்க்கும். ஆசாரி முணுமுணுத்துக்கொண்டேதான் வேலை செய்தார்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மரத்தின் பெயர் இல்லை, ஈரம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

காய்ந்த மரத்தின் எடை நூறு என்று வைத்தால், அதில் இருக்கும் நீரின் எடைதான் ஈரப்பத விழுக்காடு. ஏறக்குறைய 28, 30 வரை நீர் மரத்தின் சுவர்களுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதற்கு மேல் போனால் குழாய்களில் தங்கும். அழுக வைக்கும் பூஞ்சைக்கு இந்த எல்லையை ஒட்டிய ஈரம் வேண்டும், 20க்குக் கீழே அதற்குப் பிழைப்பில்லை. மழைக்காலக் காற்றின் ஈரம் 85 விழுக்காடு என்றால் மரம் 17, 18 வரை ஏறும். 60 என்றால் 10, 11க்கு இறங்கும். அதாவது வெறும் காற்றின் ஈரத்தால் நம் வீட்டு மரம் அழுகுவதில்லை. எங்கிருந்தோ தண்ணீராகவே உள்ளே போக வேண்டும். அது போகும் வழி வெட்டுவாய். மரத்தின் குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால், பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக வெட்டுவாயில் குடிக்கும். நிலைக்காலின் வெட்டுவாய் எங்கே இருக்கிறது? தரையில், கழுவிவிடும் தண்ணீருக்குள். பழைய நிலையில் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் குத்திப் பார்த்தேன்: நெஞ்சு உயரத்தில் 14, அடியில் 27. மேலே பூசியிருந்த பெயிண்ட் அடியில் குடித்த நீரை வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்தது.

இரண்டாவது, வாங்கும்போதே மரத்தில் இருக்கும் ஈரம். மரவாடியில் "நல்லா காஞ்ச மரம்" என்று காட்டிய தேக்கிலிருந்து ஒரு துண்டு வாங்கி வந்து, டிஜிட்டல் தராசில் நிறுத்தேன். 86 கிராம். ஓவனில் 103 டிகிரியில் வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை காயவிட்டதும் 68. பதினெட்டு கிராம் நீர், 26 விழுக்காடு. அது காய்ந்த மரமே இல்லை. 30இலிருந்து 14க்கு இறங்கும்போது தேக்குகூட, ஆண்டு வளையத்தை ஒட்டி அறுத்த நான்கு அங்குலப் பலகையில் மூன்று மில்லிக்குமேல் சுருங்கும். வளையத்துக்குக் குறுக்கே என்றால் அதில் பாதிகூட இல்லை. இந்த வித்தியாசம்தான் சட்டத்தை வளைக்கிறது, கழுந்தை, அதாவது துளைக்குள் செருகும் சட்டத்தின் முனையை, ஆடவிடுகிறது. ஆடும் இடுக்கில் அடுத்த மழை இறங்குகிறது.

வேம்பில் இந்த இரண்டும் என் கையில் இருந்தன. நானே கூட நின்று அறுத்தேன், வெள்ளையை முழுக்க ஒதுக்கினேன். செங்கல் மேல் தூக்கி, நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, வெட்டுவாய்களுக்குப் பெயிண்ட் அடித்து, நிழலில் பதினான்கு மாதம் அடுக்கி வைத்தேன். பதினான்கு கட்டைகளில் மூன்று முறுக்கிக்கொண்டன, அவற்றைக் கழித்துவிட்டேன். ஒரு கட்டையின் நடுவிலிருந்து வெட்டிய துண்டு 81 கிராம், காய்ந்தபின் 70. ஏறத்தாழ 16 விழுக்காடு. இதைத் தராசில்தான் பார்க்க வேண்டும். ஈரமானி மரத்துக்கு மரம் மாறிக் காட்டும், உப்பு மருந்து ஏற்றிய மரத்தில் கூடுதலாகவே காட்டும். அறுப்புக்கூலி, கழித்த கட்டை எல்லாம் சேர்த்தும், முழு வைரத் தேக்குக்குக் கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்தது.

நிலையைத் தரையில் நிறுத்தவில்லை. கருங்கல் துண்டின் மேல் ஓர் அங்குலம் உயர்த்தி, வெட்டுவாய்க்கு எபாக்சி மூன்று முறை பூசிய பிறகே ஏற்றினோம். மூன்று மழைக்காலம் போய்விட்டது. போன கார்த்திகையில் அடிக்காலில் ஊசி 17ஐத் தாண்டவில்லை.

மூன்று வருடம் ஒரு நிலையின் ஆயுளில் ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டேராடூனில் 600 மில்லி நீள, 50 மில்லி கனக் கட்டைகளை மண்ணில் நட்டுப் பார்ப்பார்கள். கல்லறைச் சோதனை என்று பெயர். சராசரியாகப் பத்து வருடம் தாங்கினால் முதல் வகுப்பு, ஐந்து வருடத்துக்குக் கீழே என்றால் கடைசி வகுப்பு. அதைப் பார்த்து நானும் கொல்லையில் நான்கு கட்டை நட்டேன். போரான் ஏற்றிய ரப்பர் முதல் மழையிலேயே பூஞ்சை பிடித்தது. தேக்கின் வெள்ளையைக் கரையான் பத்து மாதத்தில் கூடாக்கிவிட்டது. தேக்கின் வைரம் நட்டபடி இருக்கிறது. வேம்பின் வைரம் மண் தொடும் இடத்தில் மேற்பரப்பு மட்டும் நகம் பதியும் அளவுக்கு இளகியிருக்கிறது, உள்ளே கெட்டி. மண்ணோடு ஒட்டி நிற்கும் வேலைக்கு வேம்பைச் சொல்லமாட்டேன்.

மேற்கு ஜன்னலுக்கும் சொல்லமாட்டேன். அங்கே சாரலும் வெயிலும் மாறி மாறி அடிக்கும், ஒன்றேகால் அங்குலச் சட்டம் முறுக்கு இழையைத் தாங்காது என்று ஆசாரி சொன்னார். அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் இடித்த பழைய வீட்டுத் தேக்கு உத்தரம் ஒன்றை வாங்கி அறுத்தோம். ஆணித்துளை நிறைய, சேதாரம் கூடுதல், ஆனால் வெள்ளை துளிகூட இல்லை. தராசுக் கணக்கில் ஈரம் 12 விழுக்காடு.