கடலூர்ல போர் தண்ணி டெஸ்ட் பண்ற லேப், தாராளமா போலாம்

முதுநகர் பக்கம் எங்க வீடு, போர் தண்ணி கலங்கலா வர ஆரம்பிச்சதும் டவுன்ல ஒரு தனியார் லேப்ல குடுத்தேன். மெட்டல் டெஸ்டுக்குன்னு தனி பாட்டில்ல ஆசிட் விட்டு எடுத்துக்கிட்டாங்க, அதான் சரியான முறை.

அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2000ல மூடுன ஷ்வார்ட்ஸ்வால்டர் யுரேனியம் சுரங்கத்துலேர்ந்து ரால்ஸ்டன் ஓடைல யுரேனியம் கலந்து, அந்த தண்ணி டென்வருக்கு போற நீர்த்தேக்கத்துல சேருதுன்னு அரசு உத்தரவு போட, அத எதிர்த்து சுரங்கத்த வச்சிருந்த காட்டர் கம்பெனி கோர்ட்டுக்கே போச்சுன்னு படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரே பயம், அதனால யுரேனியமும் சேர்த்து பாக்க சொன்னேன். நம்ம நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், எங்களுது அதுக்கு ரொம்ப கீழ, அப்பாடான்னு இருந்துச்சு. டிடிஎஸ்தான், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற உப்புதான் ஜாஸ்தி.

ரிப்போர்ட் நாலு நாள் லேட், ஆனா லேப்ல இருந்த அக்கா உக்காந்து வரி வரியா வெளக்குனாங்க. கேஸ் கீஸ்னு போற ஐடியா இருந்தா என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) முத்திரையோட ரிப்போர்ட் கேட்டு வாங்குங்க.