68,200 டாலர் போய்விட்டது: பழைய கேமரோவை ஏலத்தில் எடுக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

ஏலத்தில் எடுத்த காரின் எஞ்சின் எண் போலி என்று நான் கொடுத்த புகாருக்கு, இன்று காலை ஏல நிறுவனத்தின் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரே வரி. 68,200 டாலர் வாங்கிக்கொண்டவர்களுக்கு இரண்டாவது வரி எழுத மனம் வரவில்லை. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பழைய கார் ஆசை உள்ளவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் எடுத்தது 1969 செவர்லே கேமரோ இசட்-28, அதாவது கேமரோவிலேயே பந்தயத்துக்கென்று வந்த வகை. நீல நிறம், வெள்ளைப் பட்டைகள். இசட்-28-இன் மதிப்பே அதன் 302 கன அங்குல எஞ்சினில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார்ப் பந்தயத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது என்பதற்காக உருவாக்கியது அது. சாதாரண கேமரோவுக்கும் இதற்கும் ஏலத்தில் பல்லாயிரம் டாலர் வித்தியாசம். ஆனால் 1969-இல் வந்த காரின் சேசிஸ் எண்ணைப் பார்த்து அது இசட்-28-ஆ இல்லையா என்று சொல்லவே முடியாது. எட்டு சிலிண்டர் கார் என்பது தெரியும், அதோடு சரி. பான்டியாக் என்றால் தொழிற்சாலை விலைச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம். ஃபோர்டு என்றால் 1967 முதல் வந்த கார்களுக்கு கார் எப்படித் தயாரானது என்பதை ஃபோர்டின் பதிவிலிருந்து எடுத்துச் சொல்லும் மார்ட்டி அறிக்கை கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற செவர்லேவுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. எஞ்சினில் அடித்த எண்ணும், விற்பவர் காட்டும் காகிதமும்தான் சாட்சி. மோசடிக்காரர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

விற்றவரோடு ஏலத்துக்கு முன்பே தொலைபேசியில் பேசினேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "இது லாஸ் ஏஞ்சலஸ் தொழிற்சாலையில் செய்த கார். காரின் உடலில் இருக்கும் தகட்டில், இசட்-28 என்று காட்டும் எக்ஸ்-33 குறியைத் தேடாதீர்கள். ஒஹாயோவில் இருந்த நார்வுட் தொழிற்சாலையில்தான் அதை அடித்தார்கள்." அது உண்மை. விசாரித்தேன், எல்லோரும் ஆமாம் என்றார்கள். குறையைத் தானே எடுத்துச் சொல்கிற மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று யாருக்கும் தோன்றும். அந்த நம்பிக்கையை வரவழைக்கத்தான் அவர் அந்த உண்மையைச் சொல்லியிருக்கிறார்! உத்தரவாதப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் சிறிய உலோகத் தகட்டையும் படம் எடுத்து அனுப்பினார். எஞ்சின் குறியீடு அதில் தெளிவாக இருந்தது. அந்தத் தகடுகளையும் போலியாகச் செய்கிறார்கள் என்பது இப்போது தெரிகிறது. கேட்லாகில் "அசல் எஞ்சின்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். 62,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. வாங்குவோர் கட்டணம் பத்து சதவீதம், 6,200. மொத்தம் 68,200 டாலர். லாரி வாடகை தனி.

கார் வந்த பிறகு, பழைய செவர்லேகளை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய தட்டையான இடம் உண்டு. எண்ணை அங்கேதான் அடித்திருப்பார்கள். அதன்மேல் இருந்த பெயின்ட்டைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள் அங்கே தெரிய வேண்டும். ஒரு கோடுகூட இல்லை. தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டு, அதன்மேல் புதிதாக அடித்திருக்கிறார்கள். "வி 0214 டி-இசட்" என்று இருந்தது. ஃபிளின்ட் ஆலையில் பிப்ரவரி 14 அன்று பூட்டிய இசட்-28 எஞ்சின் என்று அர்த்தம். பிறகு எஞ்சினின் பின்புறம் கண்ணாடியை நீட்டி, இரும்பை வார்த்தபோதே பதிந்த வார்ப்புத் தேதியைக் காட்டினார். "டி 11 9", டி நான்காவது எழுத்து என்பதால் நான்காவது மாதம், அதாவது 1969 ஏப்ரல் 11. ஏப்ரலில் வார்த்த இரும்பைப் பிப்ரவரியிலேயே பூட்டிவிட்டார்களாம்! அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

அன்றே விற்றவரை அழைத்தேன். "நான் வாங்கியபடியே விற்றேன்" என்றார். அதன்பிறகு அழைப்பை எடுப்பதே இல்லை. ஏல நிறுவனத்தில் முதலில் ஒரு பெண் அன்பாகப் பேசினார், மேலாளர் கூப்பிடுவார் என்றார். மேலாளர் கூப்பிடவில்லை. நானே பிடித்துப் பேசியபோது, "விவரங்கள் விற்பவர் தந்தவை, நாங்கள் உறுதி அளிப்பதில்லை, உள்ளது உள்ளபடி விற்பனை" என்று ஒப்பந்தத்தின் பத்தியைப் படித்துக் காட்டினார். அப்படியானால் 6,200 டாலர் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை: வேண்டுமானால் இதே காரை அடுத்த ஏலத்தில் அவர்களே விற்றுத் தருவார்களாம், விவரத்தை நானே எழுதித் தரலாமாம்! என்னைப் போல இன்னொருவர் தலையில் கட்டச் சொல்கிறார்கள்.

2014-இல் பிளிமத் நிறுவனத்தின் பழைய ஹெமி குடா கன்வர்ட்டிபிள் (கூரையை மடக்கக்கூடிய கார்) ஒன்று சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. 1971-இல் மொத்தம் 11 கார்கள்தான் அந்த வகையில் வந்தன. இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துத்தான் இந்தச் சந்தைக்குக் கூட்டம் வருகிறது. கூட்டம் வரும் இடத்துக்குப் போலியும் வருகிறது.

விரிவாக எழுத நினைத்தேன், வக்கீல் அழைக்கிறார், முடியவில்லை. எஞ்சின் எண் அடித்த இடத்தைத் துடைத்து, கிட்டத்தில் எடுத்த படம் தராத காருக்கு ஏலம் கேட்காதீர்கள். வார்ப்புத் தேதியின் படமும் வேண்டும், அது பூட்டிய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். விற்பவருக்கோ ஏல நிறுவனத்துக்கோ சம்பந்தமில்லாத ஆளைக் கூலி கொடுத்து அனுப்பிப் பாருங்கள். விற்பவர் தரும் காகிதத்தையும் தகட்டையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1969 கேமரோ, லாஸ் ஏஞ்சலஸ் கார், நீலம், வெள்ளைப் பட்டை என்று யாராவது விற்க வந்தால் பணம் கட்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள், சேசிஸ் எண்ணை ஒப்பிட்டுச் சொல்கிறேன்.