அதிபரின் கோப்புகள் யாருடையவை? 1981க்கு முன்பும் பின்பும்

அமெரிக்காவில் முன்பெல்லாம் பதவி முடிந்த அதிபர் வெள்ளை மாளிகைக் கோப்புகளைச் சொந்தச் சொத்தாகவே எடுத்துப் போகலாம். பூட்டி வைக்கலாம், எரிக்கவும் செய்யலாம். அதிபர் ஹார்டிங் 1923இல் இறந்த பிறகு அவர் மனைவி கட்டுக்கட்டாகக் காகிதங்களை நெருப்பில் போட்டார். போனது போனதுதான். அதிபர் நிக்சன் வெள்ளை மாளிகையில் தன் உரையாடல்களைப் பதிவு செய்த ஒலிநாடாக்களை 1974இல் தனிச் சட்டம் போட்டுத்தான் காப்பாற்ற முடிந்தது. அதற்கும் 2000ஆம் ஆண்டில் அவர் வாரிசுகள் தரப்புக்கு 1.8 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. மக்கள் பணம்!

1978இல் வந்த சட்டம், 1981இல் பதவியேற்ற அதிபர் ரீகன் காலம் தொடங்கி இதைத் தலைகீழாக்கியது. கோப்புகள் நாட்டுடையவை, பதவி முடிந்ததும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்புக்கு வந்துவிடும். சொந்த டைரி போன்றவை மட்டும் அதிபருக்கு. சரி, உடனே பார்க்கலாமா? பொதுவாக 5 ஆண்டு, சிலவற்றுக்கு 12 ஆண்டு காத்திருக்க வேண்டும். அது பரவாயில்லை, சாம்பலாகிப் போவதற்கு இது எவ்வளவோ மேல். பதவியில் இருக்கும்போது எது சொந்தம், எது பொது என்று பிரிப்பதே அதிபர் தரப்புதான் என்பதே எனக்கு உறுத்துகிறது.