கண் அழுத்தச் சொட்டு மருந்து வாங்குவோர் கவனத்திற்கு

மும்பை செம்பூரில் எங்களோடு வசிக்கும் என் அம்மாவுக்கு 68 வயது. இரு கண்களிலும் குளுக்கோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு தேயும் நோய்) இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தபோது, தினமும் இரவில் கண்ணுக்கு ஒரு சொட்டு விடும்படி மருத்துவர் ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தார். சீட்டில் இருந்தது ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். உள்ளே இருந்த மருந்து லாட்டானோபிராஸ்ட் 0.005 சதவீதம். மருத்துவமனை வளாகத்திலேயே உள்ள கடையில் 2.5 மில்லி குப்பிக்கு 680 ரூபாய் கொடுத்தோம்.

விலை குறைந்த மாற்று உண்டா என்று கேட்டதற்கு, வெளியில் விற்பவை போலி என்றும், கண் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள் என்றும் கடைக்காரர் பயமுறுத்தினார். மறக்க முடியாதது அவர் அடுத்துச் சொன்னதுதான்: "ஒரு சொட்டு வழிந்துவிடும் அம்மா, கண்ணுக்கு இரண்டு விடுங்கள்." உண்மையில் கண் இமைக்குள் ஒரு சொட்டுகூட முழுமையாக நிற்பதில்லை, இரண்டாவது சொட்டு அப்படியே கன்னத்தில்தான் இறங்குகிறது. 2.5 மில்லியில் ஏறக்குறைய 80 சொட்டுகள் இருக்கும். இரு கண்களுக்கும் ஒவ்வொன்று விட்டால், திறந்த குப்பியை வைத்திருக்கக்கூடிய நான்கு வாரங்களுக்கும் தாராளமாகப் போதும்; இரண்டிரண்டாக விட்டதில் இருபதே நாளில் தீர்ந்தது.

அம்மா செலவைக் கண்டு கலங்கியதை நாங்கள் கவனிக்கவில்லை. குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எவ்வளவு மிச்சம் என்று அவர் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே மருந்து விடத் தொடங்கியிருந்தார் என்பது, ஆறாம் மாதப் பரிசோதனையில் 16 ஆக இருந்த கண் அழுத்தம் 27 ஆக ஏறியிருந்தபோதுதான் தெரிந்தது. வலியோ சிவப்போ இல்லாமலே நரம்பு தேய்ந்துகொண்டிருந்தது. இடது கண்ணின் பக்கப் பார்வையில் போன பகுதி இனித் திரும்பாது.

அட்டையில் 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் வைக்கும்படி அச்சிட்டிருந்தும், மே மாதத்தில் அந்தக் கடைக்காரர் குப்பியை எடுத்தது வாசலருகே வெயில் விழும் கண்ணாடி அலமாரியிலிருந்து. பில் கேட்டால் சலித்துக்கொண்டு வெறும் தொகையை எழுதித் தந்தார்.

பிறகு ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் விசாரித்தோம். அதே அளவு, அதே லாட்டானோபிராஸ்ட், வேறு கம்பெனித் தயாரிப்பு, 390 ரூபாய். ஆனால் சீட்டில் வணிகப் பெயர் இருப்பதால் மாற்றித் தர இயலாது என்றார் அந்தக் கடைக்காரர். அவர் சொன்னது சரியே: மருந்து விதிகளின் 65 (11ஏ) பிரிவின்படி, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கும் இத்தகைய மருந்துகளில் கடைக்காரர் தாமாக வேறொன்றைத் தரக்கூடாது. மாற்றம் மருத்துவரின் கையில்தான் இருக்கிறது. வணிகப் பெயரல்லாத மூலப்பெயரை (ஜெனரிக் பெயர்) மருத்துவர்கள் தெளிவாக எழுத வேண்டும் என்ற ஒழுங்குமுறை 2016 முதலே இருப்பதால், தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது எங்கள் மருத்துவர் உடனே எழுதித் தந்தார். கம்பெனி மாறியதால் ஒரு மாதத்தில் அழுத்தத்தைப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். பார்த்தோம், 17 இருந்தது.

ஜன் ஔஷதி மையத்திலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் பகுதியில் சில வாரம் இருப்பு இருக்காது, ஆகவே குப்பி தீரும் முன்பே போங்கள். விலை மலிவு என்பதற்காகப் டைமோலால் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்த கூட்டு மருந்தை யாரேனும் நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம்.

மருத்துவமனைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்படி அறிவிப்புப் பலகை வைக்கும்படி மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025இல் அறிவுறுத்தியது. அந்த நிர்வாகத்திடம் நானும் புகார் எழுதியிருக்கிறேன். தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லாத பில் என்பதால் என் பக்கம் சான்று குறைவு. நீங்கள் வாங்கும்போது அந்த எண்ணையும் காலாவதித் தேதியையும் எழுதி வாங்கி, அட்டைப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.