ஃபார்மலினில் கரைந்த 14,600 ரூபாய்

அறிக்கை கைக்கு வந்து மூன்று நாளாகிறது, ஆத்திரம் அடங்கவில்லை. எலும்புச் சோதனைக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு ஐந்து அறிவுரை சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு இரண்டு மாதமாக இடுப்பு வலி, மாலையானால் காய்ச்சல். ரப்பர் பால் வெட்டப் போக முடியவில்லை. நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவியதில் ஒரு மாதம் போயிற்று. எம்.ஆர்.ஐ. எடுத்தால், இரண்டு முள்ளெலும்புகள் அரித்திருந்தன. காசநோய்தான் என்று முடிவுகட்டி அதற்கு மாத்திரையை எழுதிவிடாமல் மருத்துவர், “வீட்டில் ஆடு உண்டா?” என்று கேட்டார். உண்டு. குட்டி போடும்போது அப்பாதான் கை கொடுப்பார். பாலையும் காய்ச்சாமல் குடிப்பார். அப்படியானால் ஆட்டிலிருந்து தொற்றும் புரூசெல்லா என்ற கிருமியாகவும் இருக்கலாம், அதற்கு மருந்து வேறு, ஊசியால் எலும்புத் துணுக்கை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்போம் என்றார். அதற்காக ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி, இரண்டு வாரம் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மருத்துவமனையில் இரண்டு குப்பி தந்தார்கள். திசுப் பரிசோதனைக்கு, திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம்; கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குக் கிருமி நீக்கிய உப்புநீர். மார்த்தாண்டத்தில், வெளியூர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் ஒரு கிளையில் கொடுத்தேன். இரண்டு சோதனைக்கும் 14,600 ரூபாய். “என் அப்பாவுக்குச் செய்வதுபோல் செய்வேன் அண்ணா” என்றான் அங்கிருந்த பையன். அந்தச் சொல்லில் விழுந்தேன்; ரசீதைப் படிக்கவில்லை.

பதினோராம் நாள் அறிக்கை: மாதிரி முழுவதும் ஃபார்மலினில் வந்ததால் கல்ச்சர் இயலாது. உப்புநீர்க் குப்பியில் இருந்ததையும் அதிலேயே கொட்டியிருக்கிறார்கள். ஃபார்மலினில் செத்த கிருமி எங்கே முளைக்கும்?

கிளையில் கேட்டால் தலைமையகத்தைக் கேள் என்கிறார்கள். தலைமையகமோ புகார் பதிவாகிவிட்டது என்கிறது. மேலாளர், திசுப் பரிசோதனை செய்துவிட்டோமே, பணம் திரும்பாது என்று போனை வைத்துவிட்டார். ரசீதை அப்போதுதான் விரித்தேன். அதில் கல்ச்சர் என்ற சொல்லே இல்லை. வாங்கியது மட்டும் முழு 14,600 ரூபாய்!

“இன்னொரு தடவை முதுகில் குத்துவார்களா மக்களே?” என்று அப்பா கேட்கிறார். நல்லவேளை, ரத்தத்தில் எதிர்பொருள் பார்த்ததில் புரூசெல்லா என்றே தெரிந்தது. டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்ற மருந்துகள் குறைந்தது மூன்று மாதம், தொடக்கத்தில் ஊசியும் உண்டு.

ஐந்து அறிவுரை எழுதப் பொறுமை இல்லை. ரசீதில் சோதனையின் பெயரைப் பாருங்கள். குப்பிகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். ஊசி போட நேரமாகிவிட்டது, போகிறேன்.