கூடத் தங்க விடுவார்களா? தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து எட்டும் தூரத்தில் பதின்பருவப் பிள்ளைக்கான உள்நோயாளி சிகிச்சை

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை கையைக் கீறிக்கொள்கிறது, வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறது, நாள் கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை என்று தெரிந்ததும் எழும் முதல் யோசனை, ‘எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்’ என்பதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்கு ஒரு பழக்கமும் துணை நிற்கிறது. மார்க் குறைந்தால் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடும் வட்டாரம் இது. அதே கண்ணோடுதான் மறுவாழ்வு மையத்தையும் பார்க்கிறோம். கட்டடம் பெரிதா, காம்பவுண்டு உயரமா, ‘ஸ்ட்ரிக்ட்’டா என்று விசாரிக்கிறோம். உள்ளே என்ன சிகிச்சை நடக்கிறது என்பதை இந்த மூன்றும் சொல்லாது.

போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “பிள்ளை கூட நான் தங்கலாமா?” மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 87 இதில் தெளிவாக இருக்கிறது. 18 வயது நிரம்பாதவரை உள்நோயாளியாகச் சேர்த்தால், பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் துணையாளரோ சேர்ந்த நாள் முதல் டிஸ்சார்ஜ் வரை உடன் இருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர் அப்பா என்றால் பெண் துணை ஒருவர் கட்டாயம். “ஒரு மாசத்துக்கு நீங்க வரக் கூடாது, போனும் கிடையாது, அப்பத்தான் திருந்துவான்” என்று பதில் வந்தால் மேற்கொண்டு கட்டணம் விசாரிக்கத் தேவையில்லை. அந்த இடம் சட்டத்துக்கு வெளியே நடக்கிறது.

அதே பிரிவில் இன்னும் சில உண்டு. மனநல மருத்துவர் இருவரோ, ஒரு மனநல மருத்துவரும் கூடவே மனநல வல்லுநர் அல்லது வேறொரு மருத்துவரும் சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ பிள்ளையைத் தனித்தனியாகப் பார்த்து, சேர்க்கத்தான் வேண்டும் என்று இருவரும் சொல்ல வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக் கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு (நோயாளிகளின் உரிமையைக் கண்காணிக்க இந்தச் சட்டப்படி அமையும் அமைப்பு) தகவல் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் உடனே மறுபடி தெரிவிக்க வேண்டும், வாரியமும் அதை ஆய்வு செய்தாக வேண்டும். பெற்றோர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் பிள்ளையை அனுப்பிவிட வேண்டும். ‘மூணு மாச கோர்ஸ், முழுப் பணமும் முன்கூட்டியே, பாதியில் கூட்டிப்போனால் திருப்பித் தர மாட்டோம்’ என்பது இந்த உரிமையைப் பணத்தால் பூட்டுகிற வேலை.

இனி, எட்டும் தூரத்தில் உள்ள இடங்கள்.

முதல் வாசல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு 2022இல் திறந்த அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி. காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும். கூட்டம் அதிகம், டாக்டர் உங்களுக்குத் தரும் நேரம் குறைவு, ஆகவே பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, வீட்டில் வேறு யாருக்கு இந்தத் தொந்தரவு, வலிப்பு வந்ததுண்டா. அரசு மருத்துவமனையின் பெரிய பலம், ஒரே வளாகத்தில் பொது மருத்துவமும் அவசரப் பிரிவும் இருப்பது. தைராய்டு, வலிப்பு போன்றவை மனநோய் மாதிரித் தோற்றம் காட்டுவதுண்டு, ரத்தப் பரிசோதனை அங்கேயே முடியும். பலவீனம், வயது வாரியான ஏற்பாடு. படுக்கை தருவதாகச் சொன்னால், பெரியவர்களிலிருந்து தனியாக வைப்பார்களா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

தற்கொலை முயற்சிக்குப் பிறகு பலர் அரசு மருத்துவமனையைத் தவிர்ப்பது எம்.எல்.சி. பதிவுக்கும் (போலீசுக்குத் தகவல் போகும் மருத்துவ-சட்டப் பதிவு) போலீசுக்கும் பயந்துதான். அந்தப் பயத்தில் சிறு நர்சிங் ஹோமில் வயிற்றைக் கழுவி வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள், மனநல மருத்துவர் பார்க்காமலே விஷயம் மூடப்படுகிறது. பதிவு என்பது பதிவுதான், வழக்கு அல்ல. மேற்சொன்ன சட்டத்தின் பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் இல்லை.

அடுத்தது பெங்களூரு நிம்ஹான்ஸ், மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனை. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சம், அதுவும் டிராபிக் விட்டால். ஓசூர் சாலையில் டெய்ரி சர்க்கிளை ஒட்டி இருக்கிறது. குழந்தைகள், பதின்பருவத்தினருக்கென்று தனித் துறையும் தனி வார்டும் உண்டு, பெற்றோர் உடன் தங்குவது அங்கே வழக்கமான நடைமுறை. இந்த வட்டாரத்திலிருந்து போகக்கூடிய இடங்களில், சிக்கலான பிள்ளைக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். குறை என்றால் காத்திருப்பு. போன அன்றே படுக்கை கிடைக்கும் என்று பெட்டி படுக்கையோடு போகாதீர்கள். உள்ளூர் டாக்டரின் குறிப்பு, இதுவரை போட்ட மருந்துச் சீட்டுகள், பள்ளி ரிப்போர்ட் மூன்றும் கையில் இருந்தால் முதல் நாள் வேலை வேகமாக நகரும். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் போக முடிந்தவர்களுக்கு பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம் இன்னொரு வழி. குடும்பத்தார் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே நெடுநாள் முறை. முழுக்கத் தமிழில் பேசலாம் என்பது சாதாரண விஷயமில்லை.

ஏனென்றால், பெங்களூரின் தனியார் மறுவாழ்வு மையங்களில் பணம் கட்டிச் சேர்ப்பவர்கள் கடைசியில் கவனிப்பது மொழியைத்தான். பேச்சு வழிச் சிகிச்சை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கன்னடத்திலோ நடந்தால், பென்னாகரத்துத் தமிழ்வழிப் பையன் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருவான். “கவுன்சிலர் தமிழில் பேசுவாரா” என்று கேட்டால் “புரிஞ்சுக்குவார்” என்பார்கள். புரிந்துகொள்வது போதாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் கொஞ்சம் சாதகம்.

நான்காவது வகையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது: வாடகை வீட்டில், பண்ணை வீட்டில் நடக்கும் ‘போதை மறுவாழ்வு மையங்கள்’. எல்லாமே மோசம் என்பதல்ல. ஆனால் போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலையும் இந்தச் சட்டத்தில் மனநோய்க்குள் வருகிறது, ஆகவே இவற்றுக்கும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். சான்றிதழைக் கேட்டால் சுவரில் மாட்டியதைக் காட்டுவார்கள். கிட்டப் போய்ப் படியுங்கள். பெரும்பாலும் அது டிரஸ்ட் பதிவாகவோ, ஐ.எஸ்.ஓ. சான்றாகவோ, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவாகவோ இருக்கும். மூன்றும் நோயாளியைத் தங்கவைக்க அனுமதி ஆகாது. ஆணையத்தின் சான்றுதான் என்றாலும் தேதியைப் பாருங்கள், தற்காலிகப் பதிவு 12 மாதத்துக்கு மட்டுமே. மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பார்வையில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். இந்த ஒரு தாள் இல்லாத இடத்தில் மற்றதும் இருக்காது. சிகிச்சை இல்லை, பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லம்தான் என்று பேச்சை மாற்றினால், சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41இன்படி பதிவு வேண்டும். அதுவும் இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ.

நேரில் பார்க்கப் போவதானால் பகல் 11 மணி வாக்கில், சொல்லாமல் போங்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தால் அளவுக்கு மீறி மருந்து போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கிரில் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தால் சாவி யாரிடம், ராத்திரி யாரிடம், தீப்பிடித்தால் எத்தனை நிமிடத்தில் திறப்பார்கள் என்று கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் கருகியது சங்கிலியோடு கட்டிக்கிடந்ததால். இன்று சங்கிலி எந்த வடிவிலும் குற்றம், தனியறையில் அடைத்து வைப்பதும் கூடாது. மொட்டை அடிக்கக் கூடாது, சொந்த உடையைப் பறிக்கக் கூடாது. கையைக் காலைக் கட்டுவது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவேட்டில் எழுதி. அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ‘இங்க அதெல்லாம் நடக்கவே நடக்காதுங்க’ என்று சொல்லிப் பதிவேடே இல்லாத இடத்தைவிட, எழுதி வைத்திருக்கும் இடம் மேல். சிறாருக்கு மின்அதிர்ச்சிச் சிகிச்சையை வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் தர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ராத்திரி டியூட்டியில் தகுதியுள்ள நர்ஸ் உண்டா, டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதற்கு நேரான பதில் வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலும் நடுக்கமும் உயிருக்கே உலை வைக்கலாம். பழைய நோயாளியை வார்டனாக வைத்து நடத்தும் இடத்தில் இதை ‘டிராமா’ என்று அடித்து அடக்குவார்கள். கஞ்சாவை நிறுத்துவதில் அந்த உயிராபத்து இல்லை. எரிச்சலும் தூக்கமின்மையும் ஓரிரு வாரம், அதற்காக மட்டும் மூன்று மாதம் பூட்டி வைக்கத் தேவையில்லை.

மருந்தின் பெயரும் அளவும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மனநோய்க்கான ஹாலோபெரிடால் மாதிரி ஊசி போட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே சொருகும், நாக்கு புரளாது. வாலிபப் பையன்களுக்கு இது அதிகம். பார்ப்பவர்கள் காத்து கருப்பு என்று பயந்து மந்திரிக்கத் தூக்கிப்போகிறார்கள். இது மருந்தின் பக்கவிளைவு, மாற்று ஊசி போட்டால் சற்று நேரத்தில் சரியாகும். போட்டது என்ன ஊசி என்றே தெரியாத இடத்தில் அந்த மாற்று ஊசியும் கிடைக்காது. குடியை நிறுத்தவென்று டைசல்பிராமைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து தரும் இடமும் வேண்டாம். தெரியாமல் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம்.

‘வண்டி அனுப்புறோம், நாங்களே தூக்கிக்கிட்டு வந்துடுவோம்’ என்பதும் ஒரு சேவையாக விற்கப்படுகிறது. நாலு பேர் வந்து உறக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பிடித்துப் போவதில் மருத்துவப் பரிசோதனை எங்கே நடந்தது? ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குவது இதோடு வரும். அலட்சியத்தால் நேர்ந்த எதிலிருந்தும் அந்தத் தாள் யாரையும் காப்பாற்றாது. அதைக் கேட்பதே ஒரு எச்சரிக்கைதான்.

கோயில், தர்கா, ஜெபவீடுகளில் தங்கவைப்பது பற்றி ஒரே வரி: போய்க் கும்பிட்டு வாருங்கள், மருந்தை நிறுத்தி அங்கே விட்டு வராதீர்கள்.

இவ்வளவும் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய பிள்ளைக்கு. உயிரை மாய்க்கத் திட்டம் வைத்திருப்பது, காதில் குரல் கேட்பது, நாள் கணக்கில் தூங்காமல் பரபரப்பது, சாப்பாட்டை அறவே நிறுத்துவது, ஆபத்தான போதை நிறுத்தம் ஆகியவற்றுக்குப் படுக்கை வேண்டும். செல்போன், குறைந்த மார்க், காதல் இவற்றுக்கு வேண்டாம். படிப்பு ஏறவில்லை என்றால் கற்றல் குறைபாட்டையும் கவனக்குறைவையும் ஓ.பி.யிலேயே சோதிக்கலாம். பெண்பிள்ளை காதலித்தால் ‘ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடும்’ என்று 18க்கு முன் கல்யாணம் முடிப்பது இந்த இரண்டு மாவட்டத்திலும் இன்னும் நடக்கிற ‘சிகிச்சை’. அது குற்றமும்கூட. தன்பாலின ஈர்ப்பை ‘மாற்றித் தருவதாக’ச் சொல்லும் டாக்டரிடம் போகவே வேண்டாம். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

இடம் முடிவாகாத இரவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உள்ளே அடி, பட்டினி, பாலியல் தொந்தரவு என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்திலும் கொடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று வெறுங்கையோடு வராதீர்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, அடுத்துப் பார்க்கும் தேதி எழுதிய சுருக்கம் வேண்டும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை பிரிவு 25இல் இருக்கிறது. வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் தற்கொலை அபாயம் அதிகம், ஆகவே முதல் சந்திப்பு ஏழு நாளுக்குள் இருக்கட்டும். மாந்தோப்பும் தக்காளித் தோட்டமும் உள்ள வீட்டில் பூச்சிமருந்தும் எலிமருந்தும் பூட்டுக்குள் போக வேண்டும், மாத்திரையைப் பெரியவர் ஒருவர் கையால் வேளாவேளைக்குத் தர வேண்டும். வலி மாத்திரை, அபின் வகைப் பழக்கத்திலிருந்து வந்த பிள்ளைக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போயிருக்கும். ஒருமுறை சறுக்கிப் பழைய அளவைப் போட்டாலும் அதுவே உயிரை எடுக்கலாம் என்பதை டாக்டர் முன்னிலையில் அவனிடமே சொல்லுங்கள். பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டுச் சேர்க்காதீர்கள். மருத்துவ விடுப்புக் கடிதம் கொடுத்தால் போதும், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைக்குத் திரும்பிப் போக ஒரு வகுப்பு இருக்கும்.