'12 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம்' என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

போன மாதம் என் தம்பியை நடுராத்திரியில் 3,600 மீட்டர் உயரத்திலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தேன். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. எங்களை மலையேற்றத்துக்கு அழைத்துப்போன நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும், யார் செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கிராமம் 2,400 மீட்டரில், ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. ஆற்றை ஒட்டிப் போகும் பாதை, காட்டு வழியாகப் புல்வெளிக்கு ஏறும் பாதை, அதற்கும் மேலே கணவாய்க்குப் போகும் பாதை என்று அங்கிருந்து பல வழிகள் பிரிகின்றன. எங்களிடம் பேசியது ஐந்து நாள் திட்டம். முதல் நாள் கிராமத்திலேயே ஓய்வு. இரண்டாம் நாள் 2,900 மீட்டரில் புல்வெளியில் கேம்ப், மூன்றாம் நாள் 3,300, நான்காம் நாள் கணவாயைத் தொட்டுவிட்டு இறக்கம், ஐந்தாம் நாள் கிராமம். நல்ல திட்டம். அதைப் பார்த்துத்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினோம்.

போய் இறங்கியதும் பேச்சு மாறிவிட்டது. மேலே வானிலை கெடப்போகிறது, மூன்றே நாளில் முடித்துவிடலாம், நாளைக்கே நேராக மேல் கேம்புக்குப் போய்விடலாம் என்றார்கள். "12 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம். எளிதான பாதை." அந்த வாரம் முழுக்க வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எங்கள் டென்ட்டுகளை நான்காம் நாள் இன்னொரு குழுவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் உண்மைக் காரணம். கூட வந்த பையன் வழியில் தன்னையறியாமல் சொல்லிவிட்டான்.

எத்தனை கிலோமீட்டர் என்று கேட்ட நான், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேட்கவில்லை. மலையில் தூரம் மட்டும் ஒன்றையும் சொல்லாது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தப் பாதை நடுவில் இறங்கி ஏறுவதால் மொத்த ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதுவும் நல்ல உடற்கட்டு உள்ளவர் எங்கேயும் நிற்காமல் நடந்தால். சுமையும் ஓய்வும் மெலிந்த காற்றும் சேர்ந்தால் இன்னும் நீளும். எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. 12 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் நடப்பது தார்ச்சாலையில் நடக்கிற கணக்கு.

அவர்கள் காட்டிய வரைபடமும் அப்படித்தான். அழகாக வண்ணம் தீட்டிய படம், அதில் ஒரு வளைந்த கோடு. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. நல்ல வரைபடத்தில் அந்தக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் செங்குத்து என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும். 'எளிது' என்ற சொல்லுக்கும் அளவுகோல் இல்லாமல் பொருள் கிடையாது. சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம் நடைபாதைகளை எளிதான டி1 முதல் மிகக் கடினமான டி6 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறது. யாராவது எளிது என்றால், எந்த அளவுகோலில் என்று கேளுங்கள்.

அடுத்தது கைடு. விளம்பரத்தில் இருந்தவர் சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சின்னம் அணிந்தவர். 1965-இல் தொடங்கிய அமைப்பு அது. அந்தச் சின்னத்துக்குப் பின்னால் பல வருடப் பயிற்சி இருக்கிறது. வந்ததோ பத்தொன்பது இருபது வயதுப் பையன். காலில் அடிப்பகுதி தேய்ந்த கான்வாஸ் ஷூ. அந்தப் பாதையில் முன்பு போனதே இல்லை. இரண்டு இடத்தில் ஆடு மேய்ப்பவரிடம் வழி கேட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களை ஏமாற்றியவர்கள் அவனையும் ஆபத்தில்தான் தள்ளியிருந்தார்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது, அவன் வந்து சேரவே பத்தாகிவிட்டது. அந்தத் தாமதம் எங்கே கொண்டு போய் விட்டது என்றால், 3,100 மீட்டரில் உள்ள ஓடையை நாங்கள் எட்டும்போது மதியம் மூன்று மணி. பனியாற்றிலிருந்து வரும் ஓடை. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலிலும் மாலையிலும்தான் அதில் தண்ணீர் உச்சத்துக்கு வரும். சிமென்ட் கரைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஓடியது, அடி தெரியவில்லை. தண்ணீருக்குள் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் கடகடவென்று கேட்டது. கயிறு கொண்டு வரவில்லை. மூன்று பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு, முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, தொடை வரை நனைந்து கடந்தோம். தம்பி ஒருமுறை சறுக்கி முழங்கால் ஊன்றினான். அந்த நொடி இப்போதும் தூக்கத்தில் வருகிறது.

கேம்ப் போய்ச் சேரும்போது மணி ஏழு. ஒரே நாளில் 2,400-இலிருந்து 3,600. உயரம் என்றால் என்ன என்பதை இங்கே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது; மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் தங்க வேண்டும். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய்க்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இது. பகலில் ஏறி இறங்குவது வேறு, எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஐந்து நாள் திட்டம் அந்தக் கணக்குக்குள் இருந்தது. மூன்று நாளாகச் சுருக்கியபோது அவர்கள் வெட்டி எறிந்தது இதைத்தான்.

பதினொரு மணிக்குத் தம்பி எழுப்பினான். "அக்கா, தலை வெடிக்குது." இரண்டு முறை வாந்தி. அசதிதான் என்று பையன் சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நான்காவது அடியிலேயே பக்கவாட்டில் சாய்ந்தான். நடை தடுமாறினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். அதற்குமேல் காலைக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே இறங்க வேண்டும்.

ஆக்சிஜன் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். சிலிண்டர் இருந்தது. ரெகுலேட்டர் இல்லை. மூடியைத் திருகித் திருகிப் பார்த்து அந்தப் பையன் அழுதே விட்டான். சாட்டிலைட் போன் ஆபீசிலேயே இருக்கிறதாம்.

விசில் எடுத்து ஊதினேன். மலையில் ஆபத்து என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஆறு. மூன்றாவது சுற்றில் கீழே இருந்து ஒரு டார்ச் மூன்று முறை மினுங்கியது. பதில் சமிக்ஞை நிமிடத்துக்கு மூன்று. அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வேறொரு குழுவின் கைடு ஏறி வந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் ஒரே வார்த்தை: "இறங்கணும்."

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். எனக்கு அந்த ஓடையை நினைத்துத்தான் பயம். நான்கு மணிவாக்கில் அங்கே போனால், தொடை வரை இழுத்த தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரிக் குளிரில் உருகுவது நின்றுவிடும் என்றார் அவர். எங்களோடு வந்த பையன், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டான். அவனுக்கு யாரும் அதுவரை சொல்லிக்கொடுக்கவில்லை.

புல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. தம்பி தானாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அப்புறம் ஆஸ்பத்திரியில் காட்டினோம்.

பணம் கட்டும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தூங்குகிறோம், ஒவ்வொரு நாளும் மொத்த ஏற்றம் எவ்வளவு, கூட வரும் கைடின் பெயர், அவர் அந்தப் பாதையில் கடைசியாகப் போனது எப்போது. கிளம்பும் காலையில் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். காப்பீடு எடுத்தால் எத்தனை மீட்டர் வரை செல்லும் என்று பாருங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறுப்பேற்காத பயணக் காப்பீடுகள் நிறைய இருக்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, உங்கள் உடல்தகுதி போதவில்லை என்று பதில் வந்தது. 'சூழலுக்கேற்ப பாதையை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு' என்ற வரியில் நான் கையெழுத்துப் போட்டிருப்பதையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பொடி எழுத்தில் இரண்டாம் பக்கத்தில் இருந்த வரி. வானிலை என்று அவர்கள் சொன்ன நாட்களின் பதிவுகளை எடுத்துப் புகாரோடு சேர்த்திருக்கிறோம்.

நேற்று அவர்கள் பக்கத்தைப் பார்த்தேன். அதே பாதை, அதே படம், '12 கி.மீ., எளிது'. அடுத்த குழுவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணவாய் பனியில் மூட இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.